கை மட்டும் மரத்தால் போதுமா? சிறிய கை அறுவைக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மயக்க மருத்துவர். மடக்கினால் மாட்டிக்கொள்ளும் சுருக்கு விரல், மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்பல் டனல், மணிக்கட்டுக் கட்டி, அரிவாள்மனையில் அறுபட்ட தசைநாண், எலும்பு சேர்ந்த பிறகு கம்பி எடுப்பது என்று அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடியும் கை அறுவைகளுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அறுவை அரங்கின் வாசலில் நின்றபடி எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முழு மயக்கம் குடுப்பீங்களா, இல்ல கை மட்டும் மரக்க வைப்பீங்களா டாக்டர்?

கையில் செய்யும் சிறிய அறுவைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கை மட்டும் மரத்தால் போதும். மரப்பு மருந்து நரம்பின் மேல் பட்டால் அந்த நரம்பு வழியாக வலிச்செய்தி மூளைக்குப் போகாது. நீங்கள் விழித்திருப்பீர்கள், பேசுவீர்கள், மூச்சு உங்களுடையதாகவே இருக்கும். தொண்டையில் குழாய் வைக்க வேண்டியதில்லை. முடிந்ததும் வாந்தி, தலைச்சுற்றல் மிகக் குறைவு. வயதானவர்கள், இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள் என்றால் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

விழித்திருப்பது பயமாக இருந்தால் சொல்லுங்கள். ரத்தக் குழாய் வழியாகக் கொஞ்சம் பதற்றம் தணிக்கும் மருந்து தரலாம். அது லேசான அரைத்தூக்கம்தான், முழு மயக்கம் இல்லை.

இதுல எத்தனை வகை இருக்கு? எனக்கு எதுன்னு யார் முடிவு பண்றது?

வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திக்கு மட்டும் தண்ணீர் போகாமல் தடுக்க அந்தப் பாத்தியின் மடையை அடைத்தால் போதும். வயல் முழுவதுக்கும் தடுக்க வேண்டுமென்றால் மேலே தலைமடையை அடைக்க வேண்டும். நரம்பும் அப்படித்தான். ஒரு விரலில் நகச்சுற்று கீறுவதற்கு விரலின் அடியில் போடும் ஊசி போதும். உள்ளங்கையில் சுருக்கு விரலையோ கார்பல் டனலையோ சரிசெய்ய, வெட்டப்போகும் இடத்தைச் சுற்றியே மருந்தைப் பரவலாகப் போடலாம். முழங்கை வரை மரக்க வேண்டுமென்றால் அக்குளிலோ காரை எலும்புக்கு மேலேயோ நரம்புக் கற்றைக்கு ஊசி போடுவோம். இதைத்தான் மருத்துவமனையில் 'கைக்கு பிளாக்' என்பார்கள். இவை தவிர, கையில் பட்டை கட்டி ரத்தக் குழாய்க்குள்ளேயே மருந்து ஏற்றும் பியர் பிளாக் என்ற முறையும் உண்டு.

எந்த இடத்தில் அறுவை, எவ்வளவு நேரம் ஆகும், ரத்தம் வராமல் இருக்கப் பட்டை கட்ட வேண்டுமா, உங்களுக்கு வேறு என்ன நோய் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். உங்கள் விருப்பத்துக்கும் அதில் இடம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டது உங்களுக்கும் பொருந்தும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

ஊசியே வலிக்குமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?

வலிப்பதில் பாதி மருந்தின் எரிச்சல். அட்ரினலின் கலந்து வரும் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து அமிலத்தன்மை உள்ளது, அதனால் உள்ளே போகும்போது எரியும். பத்து மில்லிக்கு ஒரு மில்லி என்ற அளவில் சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் அந்த எரிச்சல் நன்றாகக் குறையும். மெல்லிய ஊசி, மெதுவாக ஏற்றுவது, ஏற்கனவே மரத்த இடத்தின் வழியாகவே அடுத்த குத்து, இவ்வளவும் செய்தால் முதல் குத்து மட்டும்தான் தெரியும். அவசரமாக ஏற்றினால் எந்த மருந்தும் வலிக்கும்.

வெட்டுறது தெரியுமா? பாதியில மருந்து வேலை செய்யலன்னா?

தொடுவது, இழுப்பது, அழுத்துவது தெரியலாம். வலி தெரியக் கூடாது. இரண்டும் வேறு வேறு. மருந்து முதலில் அடக்குவது வலியையும் சூடு குளிர்ச்சியையும் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளைத்தான். அழுத்தத்தை உணரும் தடித்த இழைகள் கடைசியில்தான் அடங்கும், சில நேரம் முழுதாக அடங்காது. அதனால் 'ஏதோ செய்கிறார்கள்' என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

ஆனால் சுரீரென்று வலித்தால் உடனே வாய் திறந்து சொல்லுங்கள். நம் ஊரில் நிறைய பேர், குறிப்பாக வயதான அம்மாக்கள், டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அது பெருமைக்குரிய விஷயம் இல்லை, தேவையும் இல்லை. தொடங்குவதற்கு முன் கிள்ளியும் குளிர்ந்த பஞ்சை வைத்தும் பார்ப்போம். அப்போதே 'இந்த இடம் தெரிகிறது' என்றால் ஒரு சின்ன ஊசியில் அதைச் சரிசெய்துவிடலாம். நடுவில் சொன்னாலும் நிறுத்திவிட்டு மருந்து கூட்டுவோம். எதுவும் போதவில்லை என்றால் முழு மயக்கத்துக்குப் போகும் வழியும் தயாராகவே இருக்கும்.

கையில பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்தி ஊசி போடுவாங்களாமே, அது என்ன?

அதுதான் பியர் பிளாக். ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1908-ல் இதைச் சொன்னார். அதற்குப் பத்து வருடங்களுக்கு முன், 1898-ல், முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்து அறுவை செய்து காட்டியவரும் அவர்தான். கையில் இரண்டு ரப்பர் பட்டைகளை இறுக்கிக் கட்டி, நடுவில் ரத்தம் வடிந்த பகுதியின் ரத்தக் குழாயில் புரோகெயின் என்ற பழைய மரப்பு மருந்தை ஏற்றினார். பல வருடங்கள் அதிகம் பேசப்படாமல் கிடந்த முறை, 1963-ல் ஹோம்ஸ் என்பவர் லிக்னோகெயினை வைத்துச் செய்து காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

இன்று செய்வது இப்படி. இரண்டு கையிலும் ஊசிக் குழாய் போடுவோம். அறுவை செய்யும் கையில் மருந்து ஏற்ற ஒன்று, மற்ற கையில் அவசரத்துக்கு ஒன்று. பிறகு கையை மேலே தூக்கி, விரல் நுனியிலிருந்து ரப்பர் துணியைச் சுற்றிக்கொண்டே வந்து ரத்தத்தை வடிப்போம். மேல் கையில் கட்டிய காற்றுப் பட்டையை உங்கள் மேல் பிபி அளவைவிட நூறு கூடுதலாக ஊதுவோம். பெரும்பாலும் 250 அளவில் இருக்கும். அதன் பிறகு 0.5 சதவீத லிக்னோகெயினை, எடைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில், மெதுவாக ஏற்றுவோம். ஐந்து பத்து நிமிடங்களில் கை முழுவதும் மரத்துவிடும். தோல் திட்டுத்திட்டாக வெளுத்துச் சிவந்து தெரியும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறைய பேர். அது எதிர்பார்த்ததுதான்.

இந்த முறையில் ஒரே ஒரு மருந்தை நாங்கள் தொடுவதே இல்லை. அது பியூபிவகெயின். பட்டை சரியாக இறுகாமலோ சீக்கிரம் அவிழ்ந்தோ அந்த மருந்து இதயத்துக்குப் போனால் துடிப்பு நின்றுவிடலாம். நின்ற இதயத்தை மீட்பதும் கடினம். 1980-களின் தொடக்கத்தில் அப்படிச் சிலர் இறந்த பிறகுதான் இந்த விதி வந்தது.

ஆபரேஷன் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. பட்டையை ஏன் அவிழ்க்க மாட்டேங்கறாங்க? கை கடுக்குது.

மருந்து நரம்புகளிலும் தசையிலும் ஊறிப் பிடித்துக்கொள்ள நேரம் வேண்டும். முன்னதாகவே அவிழ்த்தால் கையில் இருக்கும் மருந்து மொத்தமும் ஒரே அடியாக இதயத்துக்கும் மூளைக்கும் போகும். அதனால் அறுவை இரண்டே நிமிடத்தில் முடிந்தாலும், மருந்து ஏற்றியதிலிருந்து குறைந்தது இருபது நிமிடம் பட்டை இருந்தே ஆக வேண்டும். இதில் பேரம் கிடையாது.

கடுப்பு உண்மைதான். முப்பது நாற்பது நிமிடத்துக்கு மேல் பட்டை கட்டிய இடம் பலருக்குப் பொறுக்க முடியாமல் போகும். அதற்காகவே இரட்டைப் பட்டை வைக்கிறோம். முதலில் மேல் பட்டையை ஊதி வைத்திருந்து, வலி தொடங்கியதும் ஏற்கனவே மரத்த இடத்தில் இருக்கும் கீழ்ப் பட்டையை ஊதிவிட்டு மேலதை அவிழ்ப்போம். வரிசை மாறினால் ஆபத்து. கீழ்ப் பட்டை இறுகியதைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மேல் பட்டையைத் தொட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் அறுவை என்று முன்பே தெரிந்தால் இந்த முறையையே எடுக்க மாட்டோம்.

யாருக்கெல்லாம் இந்தப் பட்டை முறை கூடாது?

டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கை, நசுங்கிச் சிதைந்த கை, பிபி கட்டுக்கடங்காமல் இருப்பவர்கள், சில வகை இதயத் துடிப்புக் கோளாறு, கையில் பரவிய சீழ், இவற்றில் தவிர்ப்போம். அரிவாள் செல் ரத்தசோகை இருந்தாலும் தவிர்ப்போம். ரத்தம் ஓடாமல் ஆக்சிஜன் குறையும்போது அவர்களுடைய சிவப்பணுக்கள் வளைந்து குழாய்களை அடைத்துவிடும். நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இந்த நோய் அதிகம் என்பதால், அங்கிருந்து வருகிறவர்கள் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால்கூடச் சொல்லிவிடுங்கள்.

பட்டையே கட்டாம முழிச்சிருக்கும்போதே பண்றாங்களாம். அதுவும் நல்லதா?

நல்லது. இந்த வகைச் சிறிய அறுவைகளில் எனக்கு மிகவும் பிடித்த முறையும் அதுதான். மருத்துவர்கள் வாலன்ட் என்பார்கள். கனடாவின் செயின்ட் ஜான் நகரத்துக் கை அறுவை மருத்துவர் டொனால்ட் லலோண்ட் இதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். லிக்னோகெயினோடு லட்சத்தில் ஒரு பங்கு அட்ரினலின் சேர்த்து, வெட்டும் இடத்தைச் சுற்றிப் போடுவார்கள். அட்ரினலின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பட்டை இல்லாமலே ரத்தக் கசிவு குறையும், மரப்பும் நீளும். பட்டை இல்லாததால் மேலே சொன்ன கடுப்பும் இல்லை.

இதில் பொறுமை முக்கியம். மரப்பு சில நிமிடங்களில் வந்துவிடும். ஆனால் குழாய்கள் நன்றாகச் சுருங்க இருபத்தைந்து நிமிடம் போல ஆகும். அதனால் ஊசி போட்டுவிட்டு உங்களை வெளியே உட்கார வைப்பார்கள். மறந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. விரலை மடக்கி நீட்ட உங்களால் முடியும். அறுந்த நாணைத் தைத்த பிறகு 'விரலை மடக்குங்க' என்பார் மருத்துவர். தையல் நடுவில் விலகுகிறதா, எங்காவது இடறுகிறதா என்று தோலை மூடுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். சுருக்கு விரலிலும் சிக்கல் முழுதாக விடுபட்டதை நீங்களே மடக்கிக் காட்டலாம். முழு மயக்கத்திலும், கையை அசையவிடாத பிளாக்கிலும் இது முடியாது.

விரல்ல அட்ரினலின் போட்டா விரல் அழுகிடும்னு நர்ஸிங் படிக்கும்போதே சொல்லிக்குடுத்தாங்களே?

எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். பல தலைமுறை மாணவர்கள் 'விரல், மூக்கு, காது நுனி, ஆண்குறி, இங்கெல்லாம் அட்ரினலின் கூடாது' என்று மனப்பாடம் செய்தவர்கள்தான். அந்தப் பயத்தின் வேர் புரோகெயின் காலத்தில் இருக்கிறது. பழைய ஏடுகளில் பதிவான விரல் அழுகல்கள் பெரும்பாலும் லிக்னோகெயின் வருவதற்கு முந்தையவை. வைத்திருந்து கெட்டுப்போன புரோகெயின் கடும் அமிலமாக மாறும். அட்ரினலின் சேர்க்காமல் புரோகெயின் மட்டும் போட்ட விரல்களும் அழுகியிருக்கின்றன. விரலில் இறுக்கிக் கட்டிய ரப்பரும், மரத்த விரலைச் சுடுநீரில் முக்கியதும் சேர்ந்து கெடுத்தவையும் உண்டு. பழி மட்டும் அட்ரினலின் மேல் விழுந்தது.

லலோண்டும் கூட்டாளிகளும் 2005-ல் வெளியிட்ட கணக்கில், விரலிலும் கையிலும் அட்ரினலின் போட்ட 3110 பேரில் ஒருவருக்கும் விரல் அழுகவில்லை. விரல் வெளுத்தே இருந்தால் சுருங்கிய குழாயைத் திறக்க ஃபென்டோலமைன் என்ற மாற்று மருந்தும் இருக்கிறது. அந்த 3110 பேரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அதற்காக எல்லோருக்கும் போடலாம் என்று இல்லை. விரல் நுனிக்கு ஏற்கனவே ரத்தம் சரியாகப் போகாதவர்கள், குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறவர்கள், பீடி சிகரெட்டால் குழாய் அடைத்து விரல் நுனி கறுத்தவர்கள், நசுங்கித் தொங்கும் விரல், இங்கெல்லாம் அட்ரினலின் இல்லாமல்தான் செய்வேன்.

கழுத்துப் பக்கத்துல ஊசின்னாங்க. கைக்கு ஆபரேஷன், கழுத்துல எதுக்கு?

கைக்குப் போகும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. காரை எலும்புக்கு மேலே அவை ஒன்றாக நெருங்கி ஒரே கற்றையாக இருக்கும். அங்கே ஒரே குத்தில் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மரக்க வைக்கலாம். 1911-ல் குலென்காம்ப் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த ஊசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார்.

அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நுரையீரலின் உச்சியும் பெரிய ரத்தக் குழாயும் இருப்பதுதான் கவலை. ஒரு காலத்தில் கை நிதானத்தை நம்பிப் போட்டார்கள். இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி நுனியையும் நரம்பையும் நுரையீரல் உறையையும் நேரில் பார்த்தே போடுகிறோம். நுரையீரலில் காற்றுக் கசிவது அரிதாகிவிட்டது, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் அருகில் இருப்பதால் சிலருக்கு அந்தப் பக்கம் மூச்சு கொஞ்சம் குறைந்தது போல இருக்கும். கண்ணிமை தொங்கும், குரல் கரகரக்கும். மருந்து இறங்கினால் எல்லாம் சரியாகும். ஆஸ்துமா கடுமையாக இருந்தாலோ நுரையீரல் பாதித்திருந்தாலோ அக்குளில் போடுவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அங்கே நுரையீரல் பக்கத்தில் இல்லை.

சாப்பிடாம வரணுமா?

பிளாக், பியர் பிளாக், தூக்க மருந்து என்று எது இருந்தாலும் வெறும் வயிறு வேண்டும். இட்லி, சோறு போன்றவை ஆறு மணி நேரத்துக்கு முன், எண்ணெய்ப் பலகாரமும் கறியும் எட்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்துங்கள். பால் கலந்த டீயும் காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன் வரை குடிக்கலாம். எதற்கு என்றால், மரப்பு போதாமல் முழு மயக்கத்துக்குப் போக நேர்ந்தால் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது.

தூக்க மருந்தே இல்லாமல் விரல் ஊசியிலோ வாலன்ட் முறையிலோ செய்வதானால் பட்டினி தேவையில்லை. காலை டிபன் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டே வரலாம். ஆனால் எந்த முறை என்று முந்தின நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டால் மறைக்க வேண்டாம், அறுவையைத் தள்ளிவைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

சுகர், பிபி மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எல்லாம் போடறேன். நிறுத்தணுமா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இதில் மிக ஆபத்தானது இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் க்ளோபிடோக்ரெலை யாரோ சொன்னார்கள் என்று நிறுத்துவது. விரலிலும் உள்ளங்கையிலும் செய்யும் சிறிய அறுவைக்குப் பெரும்பாலும் ஆஸ்பிரினைத் தொடரலாம். ரத்தம் வந்தாலும் அழுத்திப் பிடிக்கக்கூடிய இடம் அது. காரை எலும்புக்கு மேலே ஊசி என்றால் கொஞ்சம் யோசிப்போம். வார்ஃபரின் போடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து அளவைக் காட்ட வேண்டும்.

பிபி மாத்திரைகளில் பெரும்பாலானவற்றை ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டு வரலாம். பட்டினியாக வரும் நாளில் சுகர் மாத்திரையைக் காலையில் போடாமல் கையோடு எடுத்து வாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இருந்தால் சில நாள் முன்பே சொல்லுங்கள், அவற்றைப் பட்டினிக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். சர்க்கரை நோயால் ஏற்கனவே கால், கை எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட நரம்பில் மரப்பு வழக்கத்தைவிட நீளும்.

பல் புடுங்கும்போது ஊசி போட்டதும் படபடன்னு வந்து மயங்கிட்டேன். எனக்கு அலர்ஜிதானே?

பெரும்பாலும் இல்லை. படபடப்பு அட்ரினலின் ரத்தத்தில் கொஞ்சம் கலந்ததால் வரும். கண் இருட்டி மயங்குவது ஊசியைப் பார்த்த பயத்தில் துடிப்பும் பிபியும் இறங்குவதால் வரும். அதனால்தான் உட்கார வைத்து ஊசி போடாமல் படுக்க வைத்துப் போடுகிறோம். லிக்னோகெயினுக்கு உண்மையான அலர்ஜி மிக மிக அரிது.

உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தால் கதை வேறு. என்ன மருந்து, எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்று பழைய சீட்டோடு வந்து சொல்லுங்கள். பரிசோதித்துப் பார்க்கும் வரை அந்த மருந்தைத் தொட மாட்டோம்.

மருதாணி வச்சிருக்கேன், பரவாயில்லையா? வளையல், மோதிரம்?

அடர்த்தியான மருதாணியும் நகப்பூச்சும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பின் அளவைக் கெடுக்கலாம். ஒரு விரலாவது சுத்தமாக இருக்கட்டும். மோதிரமும் வளையலும் கட்டாயம் கழற்ற வேண்டும். அறுவைக்குப் பிறகு விரல் வீங்கும்போது மோதிரம் விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கழறவில்லை என்றால் வீட்டிலேயே சோப்பு போட்டுப் பாருங்கள், முடியாவிட்டால் நாங்கள் வெட்டி எடுப்போம்.

என் பையனுக்கு ஆறு வயசு. அவனுக்கும் இப்படிப் பண்ணலாமா?

ஆறு வயதுப் பிள்ளையை விழித்தபடி அசையாமல் படுக்கச் சொல்வது நியாயமில்லை. மயக்கம் கொடுத்துவிட்டு, தூங்கிய பிறகு மரப்பு ஊசியையும் போடுவோம். எழும்போது வலி இருக்காது, அழுகையும் குறையும். பத்துப் பன்னிரண்டு வயதில் சில பிள்ளைகள் பெரியவர்களைவிடத் தைரியமாக இருப்பார்கள். அவர்களிடமே கேட்டு முடிவு செய்யலாம்.

டயாலிசிஸுக்கு மணிக்கட்டுல ஃபிஸ்டுலா வைக்கணும். ஊசி எது நல்லது?

நரம்புக் கற்றைக்குப் போடும் பிளாக்கைத்தான் சொல்வேன். பிளாக் போட்டால் கையின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. கிளாஸ்கோவில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், பிளாக் போட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கு மூன்று மாதம் கழித்தும் ஃபிஸ்டுலா திறந்திருந்தது. வெட்டும் இடத்தில் மட்டும் மரப்பு ஊசி போட்டவர்களில் அது 62 சதவீதம். டயாலிசிஸ் செய்பவருக்கு ஃபிஸ்டுலா உயிர்நாடி. கேட்டுப் பெற வேண்டிய ஒன்று இது.

மருந்து ரத்தத்துல கலந்துட்டா என்ன ஆகும்?

அளவு மீறினாலோ ஊசி நுனி குழாய்க்குள் போனாலோ மூளையும் இதயமும் பாதிக்கப்படும். முதலில் நாக்கும் உதடும் மரக்கும், வாயில் இரும்பு ருசி, காதில் இரைச்சல், தலை கிறுகிறுப்பு. இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். நீங்கள் விழித்திருப்பதால் எங்களுக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை உங்கள் வாயிலிருந்துதான் வரும். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம்.

இதற்கு வைத்தியம் உண்டு. ஆக்சிஜன், வலிப்பை அடக்கும் மருந்து, அப்புறம் இருபது சதவீதக் கொழுப்புக் கரைசல். பால் போல வெள்ளையாக இருக்கும் இந்தக் கரைசல் மருந்தைத் தன் பக்கம் இழுத்து இதயத்திலிருந்து விலக்க உதவுகிறது. முதல் அளவு கிலோவுக்கு ஒன்றரை மில்லி. அறுபது கிலோ ஆளுக்குத் தொண்ணூறு மில்லி. பிளாக் போடும் எந்த இடத்திலும் இது எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ரெண்டு கையிலயும் கார்பல் டனல். ஒரே நாள்ல முடிச்சிடலாமா?

மருந்தின் கணக்கு முதலில். அட்ரினலின் சேர்த்த லிக்னோகெயினுக்கு மேல் வரம்பு கிலோவுக்கு ஏழு மில்லிகிராம். அறுபது கிலோ எடை என்றால் 420 மில்லிகிராம், அதாவது ஒரு சதவீத மருந்தில் 42 மில்லி. ஒரு கார்பல் டனலுக்கு ஏறக்குறைய இருபது மில்லி தேவை. கணக்கு இடித்துக்கொண்டு நிற்கிறது, மருந்தை இன்னும் நீர்க்கச் செய்தால் சமாளிக்கலாம். நாற்பது கிலோ உள்ள பாட்டிக்கு இன்னும் நெருக்கடி. இரண்டு கைக்கும் பியர் பிளாக் கிடையாது. இரண்டு பக்கமும் காரை எலும்புக்கு மேலே ஊசியும் கிடையாது, மேலே சொன்ன மூச்சு நரம்பு இரண்டு பக்கமும் அடங்கினால் மூச்சு முட்டும்.

மருந்தைவிடப் பெரிய கேள்வி, இரண்டு கையிலும் கட்டோடு சாப்பிடுவது, கழுவுவது, புடவை கட்டுவதெல்லாம் எப்படி என்பது. வீட்டில் உதவிக்கு ஆள் இல்லையென்றால் சில வாரம் இடைவெளி விட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ராத்திரி ஆயிடுச்சு, கை இன்னும் தூக்க முடியல. எப்ப சரியாகும்?

எந்த மருந்து, எங்கே என்பதைப் பொறுத்தது. பியர் பிளாக்கில் பட்டையை அவிழ்த்த பத்து நிமிடத்திலேயே உணர்ச்சி திரும்பிவிடும், வலியும் கூடவே வரும். நரம்புக் கற்றையில் லிக்னோகெயின் இரண்டு மூன்று மணி நேரம். பியூபிவகெயின், ரோபிவகெயின் எட்டு, பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு இன்னும் அதிகம். விரலின் அடியில் போட்ட அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் பத்து மணி நேரம் வரை இருக்கலாம்.

அதுவரை கை உங்களுடையது இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்லிங்கில் போட்டு, படுக்கும்போது தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். அடுப்பு, சுடுநீர், இஸ்திரிப் பெட்டி பக்கமே போக வேண்டாம், சுட்டாலும் தெரியாது. இரு சக்கர வண்டி அன்று கூடவே கூடாது. தூக்க மருந்து வாங்கியிருந்தால் இருபத்துநான்கு மணி நேரம் எந்த வண்டியும் ஓட்டாதீர்கள்.

நடு ராத்திரியில திடீர்னு பொறுக்க முடியாத வலி. ஏதோ தப்பாயிடுச்சா?

பெரும்பாலும் மரப்பு மொத்தமாக விலகியதால்தான். மாத்திரை வேலை செய்ய அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். அதனால் வலி வந்த பிறகு தேடாமல், விரலில் எறும்பு ஊர்வது போலத் தோன்றும்போதே முதல் மாத்திரையைப் போடுங்கள். தூங்கப் போகும் முன் ஒன்று போட்டுவிடுவது இன்னும் நல்லது. வலி இல்லையே, எதற்கு மாத்திரை என்று விட்டவர்கள்தான் அந்த இரவில் தவிக்கிறார்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரை எது என்று வீட்டுக்குப் போகும் முன் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது.

மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், விரல்கள் வெளுத்தோ நீலமாகவோ சில்லென்றோ இருந்தால், கட்டு இறுகி வீங்கினால், விரலை மெதுவாக நீட்டிவிட்டாலே உயிர் போவது போல இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய்க் கட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூணு நாள் ஆச்சு, கட்டை விரல் இன்னும் மரமரன்னு இருக்கு.

சொல்லிவிடுங்கள், ஆனால் நரம்பு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பிளாக்குக்குப் பிறகு சில நாட்கள், வாரங்கள் லேசான மரமரப்பு நூற்றில் சிலருக்கு இருக்கும், தானாகவே சரியாகும். பட்டையின் அழுத்தம், அறுவையின் வீக்கம், இறுகிய கட்டு, ஏற்கனவே இருந்த நோய் என்று காரணம் பல. நீண்ட நாள் நிற்கும் பாதிப்பு பத்தாயிரம் பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு வரலாம். விரலை அசைக்க முடியவில்லை என்றாலோ, மரப்பு கூடிக்கொண்டே போனாலோ, ஊசி போட்ட இடத்தில் சீழோ வீக்கமோ தெரிந்தாலோ உடனே காட்டுங்கள். கழுத்தில் ஊசி போட்டவர்களுக்கு மூச்சு வாங்கினாலும் நெஞ்சு குத்தினாலும் அது அவசரம்.

சின்ன கிளினிக்லயே பண்ணிடறோம்னு சொல்றாங்க. நம்பிப் போகலாமா?

நகச்சுற்றுக்கும் சுருக்கு விரலுக்கும் போகலாம். விரல் ஊசிக்குப் பெரிய அரங்கு தேவையில்லை. ஆனால் பியர் பிளாக்கோ, அக்குள், கழுத்துப் பக்க ஊசியோ என்றால் தயங்காமல் கேளுங்கள்: துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டும் திரை இருக்கிறதா? ஆக்சிஜன் இருக்கிறதா? முன்னால் சொன்ன கொழுப்புக் கரைசல் இருக்கிறதா? மரப்பைக் கவனிக்கத் தனியாக ஒரு ஆள் இருப்பாரா, இல்லை அறுவை செய்பவரே பட்டையையும் பார்த்துக்கொள்வாரா? கடைசிக் கேள்விக்கு 'நானே பார்த்துக்கொள்வேன்' என்று பதில் வந்தால் அந்த இடத்தில் பியர் பிளாக் போட்டுக்கொள்ள வேண்டாம். வெட்டுகிற கை, பட்டையின் அழுத்தம் இறங்குவதைக் கவனிக்க முடியாது. இந்தக் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் மருத்துவமனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போகலாம்.